ஐவர்மலையில் இருப்பது புத்தரா? கொங்கில் பழைய மலைப்பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு

கேட்கப்பட்டது இதுதான்: கோவையிலிருந்து குடும்பத்தோடு காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி கொங்குப் பக்கம் பழமையான பௌத்த மலைக்கோயில் ஏதாவது இருக்கிறதா? பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலையில் புத்தர் சிலைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறார்கள். கூட வருகிறவர்கள் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் முழங்கால் வலியுள்ள அம்மாவும்.

ஐவர்மலைக்குக் கட்டாயம் போங்கள். அங்கே பாறையில் இருக்கிறவர்கள் புத்தர்கள் அல்ல, சமணத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமண சமயத்தின் பெரிய ஆசான்கள். அது தெரிந்தால் போகும் ஆசை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கொங்கு நாட்டு மலைகளில் துறவிகள் தங்கிய பழைய பள்ளிகள் என்று நமக்குத் தெரிகிறவை அநேகமாகச் சமணருடையவை. பௌத்தத்தின் தடயங்களும் இங்கே உண்டு. அவை மலை உச்சியில் இல்லை, சமவெளியில் இருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

கண்ணை மூடி, காலை மடித்து, மடியில் கைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும் கல்லுருவம் எதைக் கண்டாலும் புத்தர் என்று சொல்லிவிடுவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. பிரித்துப் பார்ப்பது ஒன்றும் கடினமில்லை. முதலில் மார்பைப் பாருங்கள். புத்தர் ஆடை உடுத்தியவர். இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே இறங்கும் ஆடையின் விளிம்பு, தேய்ந்துபோன கல்லிலும் ஒரு கோடாகவாவது தெரியும். நம் பக்கத்துத் தீர்த்தங்கரர் சிலைகளில் ஆடையே இருக்காது. அடுத்தது தலை. புத்தருக்கு உச்சந்தலையில் முடிச்சு போல ஒரு மேடு இருக்கும், தமிழ்நாட்டுப் புத்தர்கள் பலருக்கு அதன் மேல் ஒரு தீச்சுடரும் இருக்கும். தீர்த்தங்கரருக்குத் தலைக்கு மேலே முக்குடை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை. இரண்டு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள் நிற்பார்கள். தலைக்குப் பின்னால் நாகம் படமெடுத்து நின்றால் பெரும்பாலும் அது பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். நாகம் குடை பிடிக்கும் புத்தர் சிலைகளும் உண்டு என்பதால், நாகத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல் ஆடையைப் பார்த்துவிடுவது நல்லது. பிள்ளைகளிடம் இந்த அடையாளங்களை முதல் நாளே சொல்லிக் கூட்டிப் போங்கள். அங்கே போனதும் அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

ஐவர்மலை பழனியிலிருந்து கொழுமம் போகும் வழியில், பாப்பம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோவையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொள்ளாச்சி, உடுமலை வழி சுலபம். பஞ்சபாண்டவர் ஐவரும் வனவாசத்தில் தங்கிய மலை என்பது ஊர்க்கதை. குகையில் திரௌபதி அம்மனுக்கு வழிபாடும் நடக்கிறது. பதிற்றுப்பத்தில் சேரர்கள் போற்றிய அயிரை மலை இதுதான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. கல்வெட்டு இந்த மலையைத் 'திருவயிரை' என்றே சொல்கிறது.

மேலே ஏறினால் இயற்கையாகவே முன்னால் நீண்டு நிற்கும் பெரிய பாறை, அதன் கீழே நல்ல நீளமான தாழ்வாரம் போன்ற இடம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நின்றால் காற்று வரும். அந்தப் பாறை நெற்றியில்தான் பதினாறு உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை பெரிய சிற்பங்கள் அல்ல, அண்ணாந்து பார்க்க வேண்டும். சில நிற்கின்றன, சில அமர்ந்திருக்கின்றன. நாகம் குடை பிடித்தவரை முதல் பார்வையிலேயே அடையாளம் தெரியும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது போனால் உருவங்களின் விளிம்பு நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும்.

சிற்பங்களைப் பார்த்துப் படமெடுத்துவிட்டு இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே நிதானமாக நிற்க வேண்டியது கல்வெட்டுக்காக. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-இல் வெட்டப்பட்டது. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. குணவீரக்குரவடிகள் என்பவரின் மாணாக்கர், சாந்திவீரக்குரவர் என்ற துறவி, திருவயிரையின் பார்சுவ பட்டாரரையும் இயக்கி அவ்வைகளையும் புதுக்கினார். அங்கே தடையில்லாமல் படையல் நடக்கவும், ஓர் அடிகளுக்குச் சோறு கிடைக்கவும் 505 காணம் பொன் வைத்தார். செய்தி அவ்வளவுதான்.

இந்தச் சில வரிகளுக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். 'புதுக்கி' என்று எழுதியிருப்பதால் 870-க்கு முன்பே அங்கே திருமேனிகள் இருந்திருக்கின்றன, புதுப்பிக்க வேண்டிய அளவுக்குப் பழசாகியும் இருக்கின்றன. இயக்கி என்ற பெண் தெய்வத்தை 'அவ்வை' என்று நம் வாயில் வரும் மரியாதையோடு அழைத்திருக்கிறார்கள். மலையில் ஒரு துறவி சாப்பிடுவதற்கு நிரந்தர ஏற்பாடு செய்து, அதற்கு எவ்வளவு பொன் என்று காணம் பிசகாமல் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம், சக ஆண்டும் அரசனின் ஆட்சியாண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வருவது பாண்டியர் கல்வெட்டுகளில் அபூர்வம். இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் இரண்டாம் வரகுணன் 862-ஐ ஒட்டி அரியணை ஏறினான் என்று கணக்கிட முடிந்தது. பாண்டியர் காலவரிசையைச் சரிசெய்ய வரலாற்றாசிரியர்களுக்கு இந்த மலை பெரிய துணை. மதுரை ஆனைமலையிலும் வடக்கே வள்ளிமலையிலும் காணப்படும் அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயரும் இங்கே இருக்கிறது. நம் கண்ணுக்கு ஒதுக்குப்புறமாகத் தெரியும் இந்த மலை அன்றைக்கு மதுரையோடும் தொண்டை நாட்டோடும் தொடர்பில் இருந்திருக்கிறது.

இன்றைக்கு அது அம்மன் வழிபாடு நடக்கும் இடம். பூசாரி இருந்தால் கும்பிட்டுவிட்டு, பார்க்க வந்திருப்பதைச் சொல்லிவிட்டு நிதானமாகப் பாருங்கள். "இது உங்க கோயில் இல்லீங்க, சமணக் கோயில்" என்று அங்கே வாதம் செய்ய வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக யாரோ ஒருவர் விளக்கேற்ற வந்துகொண்டே இருந்ததால்தான் அந்தப் பாறை கல்குவாரிக்குப் போகாமல் தப்பியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் மிக அதிகம், அன்றைக்குச் சிற்பம் பார்க்கப் போகாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பழைய எழுத்தைக் காட்ட ஆசை இருந்தால் இன்னொரு நாள் புகழூர் போங்கள். கரூர் – நாமக்கல் நெடுஞ்சாலையில் வேலாயுதம்பாளையம். ஊரை ஒட்டியே ஆறுநாட்டார் மலை, மேலே முருகன் கோயில். படியேறுகிறவர்கள் முருகனைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் அடிவாரத்திலேயே "சமணர் படுக்கை எங்கே இருக்குதுங்க?" என்று கேட்டுவிடுங்கள், வழி காட்டுவார்கள்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது குகையின் மேல்விளிம்பு. பாறையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத் தண்ணீர் பாறை மேல் வழிந்து உள்ளே வராமல், அந்தக் காடியில் தடுக்கப்பட்டு வெளியே சொட்டுவதற்காக. அதற்குக் கீழே தரையில் படுக்கைகள். ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பாறையைச் சமமாக்கி, தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் உயரமாக விட்டிருப்பார்கள். அதுதான் தலையணை. கையால் தடவினால் உளி ஓடிய வழவழப்பு தெரியும். மெத்தை, பாய் எதுவும் இல்லாமல் அந்தக் கல்லில் படுத்தவர்களுக்கு அந்தத் தலையணை ஒன்றுதான் வசதி.

புகழூர்க் கல்வெட்டுகள் தமிழ்ப் பிராமி எழுத்தில், அதாவது தமிழை எழுதிய மிகப் பழைய எழுத்தில் இருப்பவை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு என்பது கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணிப்பு. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவி தங்குவதற்காக வெட்டிக்கொடுத்த உறைவிடம் என்று ஒன்று சொல்கிறது. கொடுத்தவன் யார்? கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது செய்த கொடை இது. சேர அரசர் மூன்று தலைமுறை ஒரே கல்வெட்டில். பதிற்றுப்பத்தில் புலவர்கள் பாடிய இரும்பொறை மரபினரோடு இவர்களை அறிஞர்கள் ஒப்பிடுகிறார்கள். பாட்டில் மட்டும் கேட்ட மன்னர்களுக்கு இங்கே பாறையில் சாட்சி கிடைத்தது.

அரசன் மட்டும் கொடுக்கவில்லை. கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவர் ஒரு படுக்கை செய்து கொடுத்திருக்கிறார். கரூரில் நகை வியாபாரம் செய்த ஒருவர், பக்கத்து மலையில் துறவி படுக்கக் கல் வெட்டிக் கொடுத்துத் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். ஊர்க் கோயில் குழல்விளக்கில் "உபயம்" என்று பெயர் எழுதும் வழக்கம் எவ்வளவு பழையது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. எழுத்தையும் அவர்கள் தேடட்டும். தமிழ்ப் பிராமியில் 'க' என்பது கூட்டல் குறி, 'ர' என்பது செங்குத்தாக நிற்கும் ஒரு கோடு. இந்த இரண்டை மட்டும் சொல்லிக் கொடுத்தாலே போதும், பாறையில் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஈரோட்டுக்குத் தெற்கே அறச்சலூரில் நாகமலைக் குகைக் கல்வெட்டு இன்னும் அருமையானது. த, தை, தா என்று தாளச்சொற்களை வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை அடுக்கி வெட்டியிருக்கிறார்கள். எப்படிப் படித்தாலும் ஒரு சந்தம் வரும். பக்கத்திலேயே 'எழுத்துப் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்' என்று பெயர். மணிக்கற்களைச் சோதித்துத் தரம் சொல்லும் ஒருவர், இசையோ ஆட்டமோ சார்ந்த எழுத்துகளை அடுக்கிப் பாறையில் பதித்திருக்கிறார். இதற்கு வழி அவ்வளவு சுலபமில்லை. முள்ளும் பாறைச்சரிவும் இருக்கும், உள்ளூர் ஆள் ஒருவர் துணையில்லாமல் போக வேண்டாம், அம்மாவுக்குக் கட்டாயம் ஒத்துவராது.

பொன்வாணிகன், மணிவண்ணக்கன் என்று வருகிறவர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அகழாய்வில் மணிக்கற்களை அறுத்து மணிகள் செய்த தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ்ப் பிராமி எழுதிய பானை ஓடுகளும் கிடைத்த ஊர். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழி இந்தப் பக்கமாகத்தான் போனது. துறவிகள் ஏதோ ஆளில்லாக் காட்டில் போய் ஒளிந்துகொள்ளவில்லை. சரக்கு வண்டிகள் போன வழியை ஒட்டி, பிச்சைக்கு ஊர் எட்டும் தூரத்தில், மழைக்கு ஒதுங்கப் பாறை கிடைத்த மலைகளில் தங்கினார்கள். மேலே நின்று சுற்றிலும் பார்த்தால் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது புரியும்.

சரி, புத்தர் எங்கே?

கொங்கில் பௌத்தம் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரில் பௌத்தத் துறவிகள் இருக்கிறார்கள். கோவலனின் தந்தை மாசாத்துவானே அங்கே துறவியாக இருந்து மணிமேகலையைச் சந்திக்கிறார். அந்த வஞ்சி கரூர்தான் என்பது ஒரு வலுவான கருத்து, கொடுங்கல்லூர் என்பாரும் உண்டு. காப்பியத்தை விட்டுவிட்டுக் கல்லில் பார்க்க வேண்டுமென்றால் சேலம் பக்கம் போக வேண்டும். ஆத்தூரைத் தாண்டித் தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் இடம் அமைத்து வைத்துக் கும்பிடுகிறார்கள். மலையேற்றம் எதுவும் இல்லை, அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரலாம்.

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டு வந்த சிலை பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது புத்தர் சிலை என்று வழக்குப் போய், நீதிமன்றம் கேட்டதன்பேரில் தொல்லியல் துறை ஆராய்ந்தது. மேலே பூசியிருந்ததை எல்லாம் நீக்கிப் பார்த்தபோது, தாமரைப் பீடத்தில் அமர்ந்து மடியில் கைவைத்த தியான நிலை, சுருள்முடி, நீண்ட காது, உச்சிமேடு எல்லாம் தெரிந்தன. தலை உடம்பிலிருந்து துண்டாகிப் பிறகு சிமெண்ட் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அது புத்தர்தான் என்று ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளவும், பூசை நடத்தாமல் பார்த்துக்கொள்ளவும் 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முனியப்பனாக நம்பிக் கும்பிட்ட குடும்பங்களின் மனவருத்தமும் எனக்குப் புரிகிறது. அந்தச் சிலையை உடைத்தவர்கள் அவர்கள் இல்லை, உடைந்து கிடந்ததற்கு ஒரு பெயர் கொடுத்துக் காப்பாற்றியவர்கள்.

அம்மாவுக்கு விஜயமங்கலம் பொருத்தம். கோவை – சேலம் நெடுஞ்சாலையில் பெருந்துறைக்கு முன்னால், மலையே ஏற வேண்டாம். ஊரில் நெட்டைக் கோபுரம் என்று கேட்டால் சொல்வார்கள். சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில், ராஜகோபுரத்தோடு கட்டிய சமணக் கோயில் கொங்கில் இவ்வளவு பெரிதாக வேறு இல்லை. சிரவணபெளகுளத்தில் கோமதீசுவரரை எழுப்பிய கங்க அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புல்லப்பை உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதன் நினைவுக் கல் இங்கே இருக்கிறது. பெருங்கதை என்ற பழைய தமிழ்க் காப்பியத்தை எழுதிய கொங்குவேளிரின் ஊரும் இதுதான். பூட்டியிருக்க வாய்ப்புண்டு, சாவி வைத்திருப்பவரைப் பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போகும்போது தண்ணீரை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், விடிந்ததும் ஏறி வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள். இப்படிப்பட்ட பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். பிள்ளைகள் கல்லெறியாமலும், யாரும் புகை போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்வெட்டில் தேய்க்காதீர்கள். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடித்தால் வெட்டுப்பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும். பல குகைகளில் கல்வெட்டின் மேலேயே பெயிண்டில் காதலர் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். யாராவது எழுதுவதைக் கண்டால் தயங்காமல் தடுத்துப் பேசுங்கள்.

மலையில் உள்ள பௌத்தத் துறவிமடமான விகாரமே பார்த்தாக வேண்டும் என்ற ஆசை இருந்தால், அது ஒரு நாள் பயணத்தில் முடியாது. ஆந்திராவில் அனகாப்பள்ளிக்குப் பக்கத்தில் சங்கரம், பொஜ்ஜன்னகொண்டா என்று குன்றையே குடைந்து செய்த விகாரமும் தூபிகளும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், பணமும் விடுமுறையும் சேரும்போது இலங்கையில் அனுராதபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள மிகிந்தலைக்குப் போங்கள். அசோகரின் மகன் மகிந்தர் இலங்கை அரசன் தேவநம்பியதீசனைச் சந்தித்துப் பௌத்தம் சொன்ன மலை என்று இலங்கையர் கொண்டாடும் இடம். 1,840 படிகள் இருந்தாலும் பாதி மலை வரை வண்டி போகும் என்பதால் அம்மாவையும் கூட்டிப் போகலாம். துறவிகளுக்குச் சோறும் கஞ்சியும் ஊற்றி வைத்த பெரிய கல்தொட்டிகள் அன்னசாலையில் இன்னும் கிடக்கின்றன. அங்குள்ள குகைகளின் நெற்றியில் புகழூரில் பார்த்த அதே மாதிரிக் காடி, அதன் கீழே பிராமி எழுத்தில் கொடுத்தவர் பெயர். மகிந்தர் வந்ததைக் கொண்டாடும் பொசொன் பௌர்ணமி ஜூன் மாதத்தில் வரும், அப்போது நிற்க இடம் இருக்காது. வேறு மாதம் பார்த்து, வெள்ளை உடையோடு, விடியற்காலையில் ஏறுங்கள். உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும், பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.